வளையத்தில் எழுதாத பெயர்

பொருள்களைத் தொகுப்போர் பல திறத்தினர். பழங்காசு தொகுப்போர், அஞ்சல்தலை தொகுப்போர், ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராகச் சென்றோர் எனப் பலரை நாம் அறிவோம். தொகுக்கப்பெறும் பொருள் எதுவாயினும் தொகுப்பவர் உள்ளத்தில் எழும் வினாக்கள் மூன்றே: இது எங்கே ஆக்கப்பட்டது? எப்பொழுது ஆக்கப்பட்டது? யாரால் ஆக்கப்பட்டது? காசு அரசனின் பெயரைச் சொல்லும். அஞ்சல்தலை நாட்டின் பெயரைச் சொல்லும். சுவடியோ, நமக்கு நல்லூழ் இருப்பின், படியெடுத்தவரின் பெயரையும் சொல்லும். முதலிரண்டு வினாக்களுக்கு மிக நுட்பமாக விடை தந்து, மூன்றாவதற்கு மட்டும் வாய் திறவாத பொருள் ஒன்றைப் பற்றியது இக்கட்டுரை. அது கியூபா நாட்டுச் சுருட்டு.

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் சுருட்டுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். புகைத்தலைப் போற்றுவது இதன் நோக்கமன்று. புகையிலை நோய் தரும் என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. இதை எழுதுபவனும் சுருட்டுப் பிடிப்பவன் அல்லன். ஆயினும், கைத்தொழில் செய்வோர் தம் கூலியிலிருந்து காசு கொடுத்து, வேலை நேரத்திலேயே, நாள்தோறும் நாவல் வாசிக்கக் கேட்ட வழக்கம் ஒன்று கியூபாவின் சுருட்டாலைகளில் 1865-இல் தோன்றி இன்றும் உயிரோடிருக்கிறது. இலக்கியத்தைக் கூடிக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது. அதனைத் தொகுப்பாளர் ஒருவரின் மேசைமேல் இருக்கும் பெட்டியிலிருந்து தொடங்குவோம்.

பெட்டி சொல்வன

அந்தப் பெட்டியின்மேல் 'போர் லர்ரஞாகா' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 1834-இல் தோன்றிய பழம்பெயர் இது. ருட்யார்ட் கிப்ளிங் தம் ஆங்கிலக் கவிதையொன்றில் எடுத்தாண்ட பெயரும் ஆகும். பெட்டிக்குள் இருக்கும் சுருட்டின் பெயர் 'மாக்னிஃபிகோ'. ஒவ்வொரு சுருட்டிலும் இரண்டு காகித வளையங்கள் உள்ளன. மேல்வளையம் வணிகப் பெயருக்குரியது. அதன் கீழே சிவப்பும் வெள்ளியுமான இரண்டாம் வளையம், இச்சுருட்டு பிரிட்டனுக்கு மட்டுமே உரியது என்று அறிவிக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பிரிட்டன் பதிப்பு இது.

'பதிப்பு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். ஸ்பானிய மொழியில் நூலுக்கு வழங்கும் அதே சொல்லைத்தான் கியூபா நாட்டார் சுருட்டுக்கும் வழங்குகின்றனர். கியூபாவின் சுருட்டு முழுவதையும் உலகச் சந்தையில் விற்கும் உரிமை, 1994-இல் அமைக்கப்பட்ட ஹபானோஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்நிறுவனம் 2000-இல் 'குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு' என்ற வரிசையையும், 2005-இல் 'வட்டாரப் பதிப்பு' என்ற வரிசையையும் தொடங்கிற்று. ஒரு நாட்டுக்கோ, சில நாடுகள் சேர்ந்த வட்டாரத்துக்கோ உரிய விற்பனையாளர், தம் சந்தைக்கென்று தனியே ஒரு சுருட்டைச் செய்து தரும்படி கேட்டுப் பெறுவதே இந்த இரண்டாம் வரிசை. உலகெங்கும் புகழ்பெற்ற கோகிபா, மோந்தெகிறிஸ்தோ போன்ற பெரும் பெயர்களுக்கு இதில் இடமில்லை. போர் லர்ரஞாகா, ரமோன் அயோனெஸ், பொலிவார், ஹுவான் லோப்பெஸ் போன்ற, பழைமை மிக்க, விற்பனை குறைந்த பெயர்களே இதற்குரியவை. சுருட்டின் அளவும் அப்பெயரின் வழக்கமான பட்டியலில் இல்லாததாக இருத்தல் வேண்டும். பல பதிப்புகளில் பெட்டிக்கு வரிசை எண்ணும் உண்டு.

நம் வழக்கில் 'வட்டார இலக்கியம்' என்றால் ஒரு மண்ணில் விளைந்து அம்மண்ணின் மொழியைப் பேசும் இலக்கியம் என்று பொருள். கியூபாவின் வட்டாரப் பதிப்பில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. வளையத்தில் எழுதப்பட்ட ஊர் இலை விளைந்த ஊரன்று, சுருட்டப்பட்ட ஊருமன்று, விற்கப்படும் ஊர். இத்தாலி என்றும், லெபனான் என்றும், சுவிட்சர்லாந்து என்றும் வளையத்தில் எழுதுகின்றனர். அந்நாடுகளில் அதற்கென ஒரு செடியும் வளர்வதில்லை. வாங்குபவனின் நாடே அங்கு 'வட்டாரம்' ஆகிறது.

அரிது என்பதும் நிலையான குணம் அன்று. 2006-இல் பிரான்சுக்கு உரிய வட்டாரப் பதிப்பாக, பொலிவார் பெயரில், 'லிபர்த்தாதோர்' என்ற சுருட்டு வந்தது. 'விடுவித்தவர்' என்பது அதன் பொருள். தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் பட்டம் அது. அரிதென்று அதனைப் பெட்டியோடு பூட்டி வைத்தவர்கள் உண்டு. 2013-இல் அதே பெயர் கொண்ட சுருட்டு, உலகின் பல நகரங்களில் இயங்கும் 'லா காசா தெல் ஹபானோ' கடைகளுக்கு உரியதாக மீண்டும் வந்தது. முதற்பதிப்புக்கும் மறுபதிப்புக்கும் உள்ள வேறுபாடு அறிந்தவர்கள் நூல் தொகுப்போர் மட்டும் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

பத்து எழுத்தில் ஒரு நாட்காட்டி

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அடிப்பலகையில் சில முத்திரைகள் தென்படும். 'கியூபாவில் செய்யப்பட்டது' என்பது ஒன்று. 'முழுதும் கையால்' என்பது மற்றொன்று. இது 1989 முதல் இடப்படுகிறது. அவற்றின் அருகில், ஆலையின் பெயரையும் பெட்டியிட்ட காலத்தையும் மறைத்துச் சொல்லும் எழுத்துகள் இருக்கும். தொகுப்பாளர்கள் பெட்டியைத் திறக்கும் முன்பே இவற்றைத்தான் பார்க்கிறார்கள்.

1985 தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் வழங்கிய குறிமுறை கவிஞர்களுக்குச் சுவை தருவது. 'நிவெல் அகுசோ' என்ற இரண்டு ஸ்பானியச் சொற்களில் ஒன்றுக்கொன்று வேறான பத்து எழுத்துகள் உள்ளன. முதல் எழுத்து ஒன்று, இரண்டாம் எழுத்து இரண்டு என வரிசையாக எண்ணிக்கொண்டு சென்றால் பத்தாம் எழுத்துப் பூச்சியம் ஆகும். மாதத்துக்கு இரண்டு எழுத்து, ஆண்டுக்கு இரண்டு எழுத்து. 'ஓ, ஆ, எஸ், செ' என்ற நான்கு எழுத்துகள் இருந்தால், பூச்சியம், ஆறு, ஒன்பது, ஏழு. அதாவது 1997 ஜூன். எழுத்தால் எண்ணை மறைக்கும் இவ்வுத்தி, சொற்களுக்குள் ஆண்டை ஒளித்து வைக்கும் நம் பழைய புலவர் மரபை நினைவூட்டுகிறது. பின்னாளில் மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளையும் ஆண்டையும் வெளிப்படையாகவே இடத் தொடங்கினர். ஆனால் ஆலையின் பெயரை மட்டும் இன்றும் குறியெழுத்தால் மறைக்கின்றனர். தொகுப்பாளர்கள் குறியை அவிழ்த்துவிட்டால் குறி மாற்றப்படும். எந்த ஆலையில் சுருட்டப்பட்டது என்று அறிந்தால், வாங்குவோர் ஓர் ஆலையை விரும்பி மற்றொன்றை ஒதுக்குவர் என்பது காரணம்.

இத்தகைய பெட்டியைப் பெற்றவர் அதனைக் காப்பதும் எளிய செயலன்று. உரிய மரத்தாலான பேழையில், காற்றின் ஈரம் 65 முதல் 70 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி வைத்தல் வேண்டும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் படரும். குறைந்தால் மேலிலை வெடிக்கும். வெப்பம் மிகுந்தால் இலைக்குள் உறங்கும் வண்டின் முட்டை பொரிந்து, ஊசியால் குத்தியது போன்ற துளைகளைப் பெட்டி முழுவதும் இட்டுவிடும். சுவடியைக் கரையானிடமிருந்து காத்த தலைமுறையினருக்கு இந்தக் கவலை புதிதன்று. போலிகளும் மிகப் பல. அதனால்தான் 1889 முதலே பெட்டிக்கு உறுதிமுத்திரை ஒட்டப்பட்டு வந்தது. அண்மைக்கால முத்திரைகளில் ஒளிப்படிமமும் பட்டைக்குறியும் சேர்ந்துள்ளன.

இவ்வளவு செய்திகளையும் பெட்டி சொல்கிறது. நாடு தெரிகிறது; மாதமும் ஆண்டும் தெரிகின்றன; எத்தனையாவது பெட்டி என்பதும் தெரிகிறது. சுருட்டிய கைக்கு உரியவர் யார் என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

சுருட்டுபவர்

கியூபாவின் மேற்கே பினார் தெல் ரியோ மாநிலத்தில், வுயெல்தா அபாஹோ என்னும் செம்மண் நிலப்பகுதியில் உயர்ந்த இலை விளைகிறது. மேலுறைக்கான இலை வெயில் நேரே படாதபடி மெல்லிய துணிப்பந்தலின்கீழ் வளர்க்கப்படுகிறது. இலைகளைச் செடியோடு அறுப்பதில்லை. அடியிலிருந்து மேலாக, நிலைநிலையாக, ஒவ்வோர் இலையாகக் கையால் பறிக்கின்றனர். ஓலை வேய்ந்த உலர்த்துங்கொட்டிலில் கோல்களில் தொங்கவிட்டு உலர்த்திய பின், குவித்து நொதிக்க வைத்து, தரம் பிரித்து, ஆண்டுக்கணக்கில் முதிர விடுகின்றனர். 2022 செப்டம்பர் இறுதியில் வீசிய 'இயான்' சூறாவளி அம்மாநிலத்தில் இத்தகைய கொட்டில்களை ஆயிரக்கணக்கில் வீழ்த்தியது. அந்தச் சேதத்தை எந்த வளையமும் குறிப்பதில்லை.

உள்ளீடு, கட்டிலை, மேலிலை என்னும் மூன்றையும் ஒன்றாக்கிச் சுருட்டுபவரை ஸ்பானிய மொழியில் 'தோர்செதோர்' என்பர். 'முறுக்குபவர்' என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். தமிழிலோ செயலுக்கும் பொருளுக்கும் ஒரே சொல்: சுருட்டு. இச்சொல்லே போர்த்துக்கேயரின் வாய்ப்பட்டு 'ஷருத்து' என்றும், ஆங்கிலத்தில் 'செரூட்' என்றும் ஆயிற்று என்பது சொல்லாராய்ச்சியார் கருத்து. பிரேசில் நாட்டார் ஹவானாச் சுருட்டைக் குறிக்க இன்றும் அந்தச் சொல்லையே ஆளுகின்றனர். அமெரிக்கக் கண்டத்தின் இலை நம் கரைக்கு வந்தது. நம் சொல் அக்கண்டத்துக்குச் சென்றது.

சுருட்டுபவரின் கருவிகள் மிகச் சில. ஒரு மரப்பலகை, 'சாவேத்தா' என்னும் பிடியில்லாத பிறைவடிவத் தகட்டுக்கத்தி, சிறிது பசை, அளவு பார்க்கும் துளைச்சட்டம் ஆகியவையே அவை. சுருட்டின் கனத்தை அங்குலத்தின் அறுபத்து நான்கில் ஒரு பங்காக அளக்கின்றனர். கண்ணுக்கும் கைக்கும் ஓயாத வேலை. வாய்க்கும் காதுக்கும் வேலையில்லை. அந்த வேலையில்லாத காதைக் கண்டுபிடித்தவர்கள்தாம் இக்கட்டுரையின் தலைவர்கள்.

வாசிப்பு மேடை

1860-களின் ஹவானா ஸ்பானிய ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்ற நகரம். அடிமைமுறை அங்குச் சட்டப்படி முற்றும் நீங்கியது 1886-இல்தான். சுருட்டாலைகளில் வேலை செய்தோரில் பெரும்பாலோர் எழுத்தறிவு பெறாதவர்கள். அவர்களிடையே சதுர்னினோ மார்த்தினெஸ் என்பவர் இருந்தார். ஸ்பெயினின் அஸ்தூரியாசில் பிறந்து, பர்தகாஸ் ஆலையில் சுருட்டுத் தொழில் செய்தவர் இவர். கவிஞர். பகலில் ஆலையிலும் மாலையில் நூலகத்திலும் பணி செய்தார். 1865 அக்டோபரில் 'லா அவ்ரோரா' என்ற இதழைத் தொழிலாளர்க்கென்று தொடங்கினார். 'வைகறை' என்பது அதன் பொருள். கவிதையும் கதையும் கட்டுரையும் அதில் வந்தன. ஆனால் யாருக்காக இதழ் நடத்தினாரோ அவர்களில் பலரால் அதைப் படிக்க இயலவில்லை. இதழ் நடத்திப் பார்த்த அன்பர்களுக்கு இத்துயரம் புரியும்.

படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துக் காட்டுவது ஒன்றே வழி. வேலைக்கூடங்களில் வாசிப்பு வேண்டும் என்ற கருத்தை நிக்கோலாஸ் அஸ்காராதே என்ற சீர்திருத்தவாதியும் வலியுறுத்தி வந்தார். 1865 டிசம்பர் 21 அன்று 'எல் ஃபீகரோ' என்ற ஆலையில் முதல் வாசிப்பு நடந்தது. அடுத்த மாதமே பர்தகாஸ் ஆலையும் இடம் தந்தது. தொழிலாளருள் ஒருவர் வாசித்தார். அவர் அந்நேரத்தில் சுருட்டியிருக்கக்கூடிய சுருட்டுக்கு ஈடான கூலியை மற்றவர்கள் தம் கூலியிலிருந்து பகிர்ந்து கொடுத்தனர். நாளடைவில் வாசிப்பதையே தொழிலாகக் கொண்ட 'லெக்தோர்' என்னும் வாசகர் உருவானார். கூடத்தின் நடுவே அல்லது முன்னே அவருக்கு உயர்ந்த மேடை. காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். எந்த நூல் என்பதைத் தொழிலாளர்களே வாக்கெடுத்து முடிவு செய்வர். வாசகரையும் குரல் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்தனர். வாசிப்பு உள்ளத்தைத் தொட்டால் கைதட்டுவதில்லை. கை இலையில் இருக்கிறதே! சாவேத்தாவால் பலகையைத் தட்டுவர். நூற்றுக்கணக்கான தகடுகள் ஒருங்கே தட்டும் ஒலியே அங்குப் பாராட்டு.

விக்தோர் யூகோவும், அலெக்சாந்தர் தூமாவும், செர்வாந்தெசும், ஷேக்ஸ்பியரும் இக்கூடங்களில் வாசிக்கப்பட்டனர். எழுத்தறியாத ஒருவர் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டே இவர்களை அறிந்திருந்தார். பாரதமும் இராமாயணமும் படிப்போர் வாயிலாகவே ஊர்தோறும் பரவிய நாட்டில் பிறந்த நமக்கு இது வியப்பன்று. வியக்கத்தக்கது, கேட்போரே செலவை ஏற்று, கேட்போரே நூலைத் தேர்ந்தனர் என்பதுதான். கோயிலும் அரசனும் வள்ளலும் அதில் இல்லை.

தடையும் பயணமும்

இந்த வழக்கம் தொடங்கி ஐந்து மாதம் ஆவதற்குள் தடை வந்தது. 1866 மே 14 அன்று ஹவானாவின் ஆட்சியாளர், ஆலைகளிலும் பட்டறைகளிலும் நூலும் இதழும் வாசித்து வேலையாட்களின் கவனத்தைத் திருப்பலாகாது என்று ஆணையிட்டார். வேலைக்குப் புறம்பான விவாதங்களும் கூடா. நாவல் ஒன்றைக் கேட்பதில் ஆட்சிக்கு என்ன தீங்கு என்று எண்ணத் தோன்றும். அந்த ஆட்சி நூலின் உள்ளடக்கத்தைவிடக் கூட்டத்தைக் கண்டே அஞ்சியிருக்க வேண்டும். பலநூறு பேர் ஒரே கதையை ஒரே நேரத்தில் கேட்டு, ஒரே இடத்தில் தகட்டைத் தட்டினால், அவர்கள் தனித்தனி வேலையாட்களாக நீடிப்பதில்லை.

1868-இல் ஸ்பெயினுக்கு எதிரான பத்தாண்டுப் போர் மூண்டது. சுருட்டுத் தொழிலாளரும் ஆலை முதலாளிகள் சிலரும் கடல் கடந்து புளோரிடாவின் கீ வெஸ்ட் தீவுக்கும், பின்னர் 1880-களின் நடுவில் எழுந்த டாம்பா நகரத்து ஈபோர் சிட்டிக்கும் பெயர்ந்தனர். வாசிப்பு மேடையும் அவர்களோடு சென்றது. போர் முடிந்தபின் கியூபாவிலும் வாசிப்பு மீண்டது. 1891 நவம்பரில் கவிஞரும் விடுதலை வீரருமான ஹோசே மார்த்தி டாம்பாவுக்கு வந்து சுருட்டுத் தொழிலாளரிடையே உரையாற்றினார். கேட்டுப் பழகிய அவை அது. விடுதலைப் போருக்கு அவர்கள் தம் கூலியிலிருந்து நிதி தந்தனர். 1895 பிப்ரவரியில் தொடங்கிய எழுச்சிக்கான ஆணையை ஒரு சுருட்டுக்குள் மறைத்து டாம்பாவிலிருந்து அனுப்பினர் என்பது அங்கு வழங்கும் கதை. கதையாயினும், சுருட்டுக்குள் எழுத்து இருக்கிறது என்று அம்மக்கள் நம்பியதற்கு அது சான்று. போர்க்காலத்தில், 1896-இல், கியூபாவில் வாசிப்பு மீண்டும் தடை செய்யப்பட்டது.

டாம்பாவில் வாசிப்பு 1931 வரை வாழ்ந்தது. வாசகர்கள் கிளர்ச்சிக் கருத்துகளைப் பரப்புகின்றனர் என்று சொல்லி, அவ்வாண்டின் இறுதியில் ஆலை முதலாளிகள் மேடைகளை அகற்றினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. மேடை இருந்த இடத்தில் வானொலிப் பெட்டி வந்தது. அக்காலத்து ஈபோர் சிட்டியையும், தொழிலாளர்க்குத் தால்ஸ்தாயின் 'அன்னா கரேனினா'வை வாசிக்கும் வாசகரையும் வைத்து நிலோ குரூஸ் எழுதிய 'அன்னா இன் த டிராபிக்ஸ்' நாடகம் 2003-இல் புலிட்சர் பரிசு பெற்றது. கியூபாவிலோ, 1960 செப்டம்பரில் ஆலைகள் நாட்டுடைமையான பின்னும் வாசகர் நிலைத்தார். 2012-இல் அவ்வழக்கம் நாட்டின் பண்பாட்டு உடைமையாக அறிவிக்கப்பட்டது.

பெயர்களில் தங்கிய வாசிப்பு

வாசித்த குரல் காற்றோடு போய்விடும். அது விட்டுச் சென்ற தடயம் ஏதேனும் உண்டா? உண்டு, தொகுப்பாளர்கள் போற்றும் பெட்டிகளின் பெயரிலேயே உண்டு. 1875-இல் தோன்றியது 'ரோமியோ இ ஹுலியெத்தா'. ஷேக்ஸ்பியரின் காதலர் இருவர் பெயர். 'சாஞ்சோ பான்சா' செர்வாந்தெசின் நாவலில் வரும் பணியாளன் பெயர். 1935-இல் தோன்றிய 'மோந்தெகிறிஸ்தோ', தூமாவின் நாவல் தலைவனான மாந்தே கிறிஸ்தோ பிரபுவின் பெயர். அந்நாவல் ஆலைக் கூடத்தில் மிகவும் விரும்பிக் கேட்கப்பட்டதால்தான் சுருட்டுக்கு அப்பெயர் வந்தது என்பர். அதன் சின்னத்தில் வாள்கள் முக்கோணமாகக் கோத்து நிற்கின்றன.

1962 பிப்ரவரியில் அமெரிக்கா கியூபாப் பொருள்களுக்குத் தடை விதித்தது. தடை ஆணையில் கையொப்பமிடும் முன் தலைவர் கென்னடி தமக்குப் பிடித்த சிறு சுருட்டுகளைத் தேடி வாங்கி வரப் பணித்ததாகவும், 1,200 சுருட்டுகள் கிடைத்த பின்னரே கையொப்பமிட்டதாகவும் அவருடைய செய்திச் செயலாளர் பியேர் சாலிஞ்சர் பின்னாளில் எழுதினார். தடைக்கு முந்தைய சுருட்டு என்ற தனி வகையே தொகுப்பாளரிடையே அதன்பின் உருவாயிற்று. நாட்டை விட்டு வெளியேறிய பழைய உரிமையாளர்கள் பெயர்களையும் எடுத்துச் சென்றனர். இதனால் இன்று மோந்தெகிறிஸ்தோவும் ரோமியோ இ ஹுலியெத்தாவும் இரண்டிரண்டு இருக்கின்றன. கியூபாவில் ஒன்று, அமெரிக்கச் சந்தைக்காக டொமினிக்கன் குடியரசில் மற்றொன்று. பெயரின் உரிமைக்காக நீதிமன்றங்களில் பல்லாண்டு வழக்காடினர். அந்தக் கதைகளைத் தம் கூலி கொடுத்துக் கேட்டவர்கள் எந்த வழக்கிலும் கட்சியாகச் சேர்க்கப்படவில்லை.

பெட்டி சொல்லாதது

இனி, தொகுப்பாளரின் மேசைக்குத் திரும்புவோம். அவர் கையில் உருப்பெருக்கி ஆடி இருக்கிறது. அடிப்பலகையின் எழுத்தைப் படித்து, இது இன்ன ஆண்டின் இன்ன மாதத்தில் பெட்டியிடப்பட்டது என்று அறிகிறார். குறியை அவிழ்த்து ஆலையையும் ஊகிக்கிறார். அவ்வளவு அறிந்தவருக்கு மேலும் ஒரு செய்தியை அறிய வழியில்லை: அந்த மாதத்தில், அந்தக் கூடத்தில், என்ன நூல் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது? சுருட்டப்பட்டபோது கதையின் எந்தப் பகுதி நடந்தது? அந்தப் பகுதியில் தகடுகள் தட்டினவா, கூடம் அமைதியாக இருந்ததா? இந்த விவரம் ஒரு பெட்டியிலும் இல்லை. விலை கூறும் பட்டியல்களிலும் இல்லை.

தொகுப்பாளரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் இல்லையேல் பழைய வளையங்களும், வண்ணக் கல்லச்சுப் படங்களும், முத்திரைகளின் வரலாறும் நமக்குக் கிடைத்திரா. பத்து எழுத்தின் பொருளை அவிழ்த்துப் பரப்பியவர்கள் அவர்களே. சுவடியைக் காத்தவரிடம் பாட்டின் ஓசையையும் ஏன் காக்கவில்லை என்று கேட்பது முறையன்று. ஆனால் அரிது எது என்பதில் நாம் தெளிவாக இருத்தல் வேண்டும். எண்ணிட்ட பெட்டியை மீண்டும் செய்யலாம். 'லிபர்த்தாதோர்' மீண்டும் வந்ததைக் கண்டோம். வளையத்தைப் போலியாக அச்சிடவும் செய்கிறார்கள். கூலித் தொழிலாளர் ஒன்றுகூடி, தம் செலவில், தாம் விரும்பிய நூலைக் கேட்கும் கூடம் டாம்பாவில் ஒரே ஆண்டில் மறைந்தது, பின்னர் மீளவில்லை.

நமக்கு அணுக்கமான ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். கேரளத்துக் கண்ணூர்ப் பகுதியில் பீடி சுற்றும் தொழிலாளரிடையே இதே வழக்கம் இருந்தது. ஒருவர் செய்தித்தாளும் நாவலும் வாசிக்க, மற்றவர்கள் சுற்றினர். வாசித்தவருக்குக் குறைந்த பீடியை மற்றவர்கள் ஈடு செய்தனர். 1969-இல் தோன்றிய தினேஷ் பீடிக் கூட்டுறவின் கூடங்களிலும் அது தொடர்ந்தது. ஹவானாவைக் கண்டு கண்ணூர் கற்றதாகச் சொல்ல இயலாது. இலையும் கையும் ஓய்வாகக் கிடந்த காதும் இரண்டிடத்தும் ஒன்றுபோல் இருந்தன, விளைவும் ஒன்றாயிற்று.

பத்தாண்டு கண்ட நம் வட்டமும் ஒரு வகையில் அத்தகைய கூடமே. நம்மில் பலர் பகலெல்லாம் வேறு தொழில் செய்து, மாலையில் வந்து அமர்ந்து, சிறு தொகை செலுத்திக் கேட்பவர்கள். நம் பதிவேடுகளைப் புரட்டினால் நாள் இருக்கும்; தலைமை ஏற்றவர் பெயர் இருக்கும்; வருகை தந்தோர் எண்ணிக்கை இருக்கும். அன்று வாசிக்கப்பட்ட பாடல் எது, எந்த அடியில் அவை கலகலத்தது, எந்த அடியில் அமைதியாயிற்று என்பது எழுதப்பட்டிருக்காது. கியூபாவின் பெட்டியைப் போலவே நாமும் இடத்தையும் காலத்தையும் குறித்து வைத்துக் கேட்டதைக் குறிக்காமல் விட்டிருக்கிறோம்.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டம் முதல், பதிவேட்டில் வந்தோர் பெயருக்குக் கீழே ஒரு வரி விட்டு, அன்று வாசிக்கப்பட்ட நூலின் பெயரையும், வாசித்தவர் பெயரையும், அவை மீண்டும் கேட்க விரும்பிய பகுதியையும் எழுதி வைப்போம். இருபதாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுத வருபவர் நம்மைப் பற்றி அறிய விரும்புவது அந்த ஒரு வரியாகவே இருக்கும்.